நேற்றைய சோறும் இன்றைய ஓட்டமும்

பாடசாலைகளில் விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால், மைதானத்தின் ஓரத்திலே ஒரு காட்சியைத் தவறாது காணலாம். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் மாணவனின் உள்ளங்கையிலே ஆசிரியரோ உறவினரோ சிறிது குளுக்கோசு மாவைக் கொட்டுவர். அவனும் அதனை வாயிலிட்டுக்கொண்டு, புதுப்பலம் பெற்றவனாய்த் தொடக்கக் கோட்டுக்கு விரைவான். அன்று காலையில் அவன் என்ன உண்டான், முதல் நாள் இரவு என்ன உண்டான் என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும். ஓடுகின்ற கால் எதன் பலத்தால் ஓடுகின்றது என்பதை அறிந்துகொண்டால், அந்தக் குளுக்கோசு மாவின் மதிப்பும் முதல் நாட் சோற்றின் மதிப்பும் நன்கு விளங்கும். அறிஞர் பலர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து கண்ட அச்செய்தியை, மாணாக்கரும் பெற்றோரும் விளங்கிக்கொள்ளும் வகையில் ஈண்டுக் கூற முயல்கின்றோம்.

உடலுள் எரியும் தீ

பசித்தீ என்றும் சாடராக்கினி என்றும் நம் முன்னோர் வழங்கினர். உணவுக்கும் தீக்கும் ஏதோ உறவுண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வுறவை அளந்து காட்டியவர் பிரான்சு தேசத்து இரசாயன அறிஞர் லவோசியர். 1782ஆம் ஆண்டு பிற்பகுதியிற் தொடங்கிய மாரிக்காலத்தில், அவரும் லப்பிளாசு என்னும் கணித அறிஞரும் கினிப்பன்றி எனப்படும் சிறு பிராணி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்தனர். அதன் உடல் வெப்பத்தினால் எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்று நிறுத்தனர். அது வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அளந்தனர். பின்னர், அதேயளவு காபனீரொட்சைட்டு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்று கணக்கிட்டு ஒப்பிட்டனர். இரு கணக்குகளும் பெரிதும் நெருங்கி வந்தன. உயிர்ப்பும் ஒருவகை எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய காலத்தில், லவோசியர் தம் உதவியாளரான செகேன் என்பவரையே சோதனைப் பொருளாக வைத்து மேலும் ஆராய்ந்தார். செகேன் சும்மா இருந்தபோது உட்கொண்ட ஒட்சிசனிலும், உணவுண்டபின் உட்கொண்டது கூடுதலாக இருந்தது. காலால் மிதித்து வேலை செய்தபோதோ அது மிகப் பெரிதும் கூடிற்று. இதனைக் கண்ட லவோசியர் விஞ்ஞானத்தோடு நின்றுவிடவில்லை. உழைத்து வாழும் ஏழை தன் உடற்பொருளை மிகுதியாக எரிக்கின்றான். அவனுக்கே உணவு குறைவு. உழைக்காத செல்வனுக்குத் தேவை குறைவு. அவனிடத்தே உணவு மிகுதி. இந்த முரண்பாடு ஏன் என்று அவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே வினவினார். 1794ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி அதே புரட்சி அவர் தலையைக் கொய்தது. அவர் எழுப்பிய வினா மட்டும் இன்றும் நிற்கின்றது.

கவளத்தின் பயணம்

ஆயினும், அடுப்பில் விறகு எரிவதுபோல உடலிற் சோறு எரிவதில்லை. அவ்வாறு எரியுமாயின் நாம் வெந்து போவோம். உடல் உணவைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாகச் சக்தியைப் பெற்றுக்கொள்கின்றது.

ஒரு கவளம் சோற்றைச் சிறிது நேரம் மென்று பாருங்கள்; மெல்ல இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள நொதியம் அரிசியின் மாப்பொருளை வெல்லமாக்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். சதையி சுரக்கும் நொதியமும் சிறுகுடலின் நொதியங்களும் எஞ்சிய வேலையை முடிக்கின்றன. இறுதியிற் குளுக்கோசு என்னும் வெல்லம் குடற்சுவரினூடாக இரத்தத்திற் கலந்து, முதலில் ஈரலைச் சென்றடைகின்றது. புட்டோ, இடியப்பமோ, குரக்கன் ரொட்டியோ, மரவள்ளிக் கிழங்கோ எதுவாயினும், அதிலுள்ள மாப்பொருளுக்கு இதுவே கதி. விலையுயர்ந்த பேணிகளில் அடைத்து வரும் சத்துமாக்களின் மாப்பொருளும் முடிவில் இதே குளுக்கோசாகவே மாறுகின்றது.

இரத்தத்தில் ஒரு நேரத்திற் சுற்றிவரும் குளுக்கோசு மிகக் குறைவு. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மாத்திரமே. அதற்கு மேற்பட்டதை இன்சுலினின் உதவியால் உடல் சேமித்துவிடுகின்றது. குளுக்கோசு மூலக்கூறுகள் பல சங்கிலியாகக் கோக்கப்பட்டுக் கிளைக்கோசன் என்னும் பொருளாகின்றன. ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 300 முதல் 400 கிராம் வரையும் அது தங்கும். இவ்விரு சேமிப்புக்கும் ஒரு முக்கிய வேறுபாடுண்டு. ஈரலிலுள்ளது ஊர்ப் பொதுக் களஞ்சியம் போன்றது. மூளை உட்பட எவ்வுறுப்பு கேட்டாலும் அது இரத்தத்தின் வழியே வழங்கும். தசையிலுள்ளதோ தனி வீட்டுக் குதிர். அந்தத் தசையே அதனைப் பயன்படுத்தும், வெளியே கொடாது.

எஞ்சிய உணவு கொழுப்பாகச் சேமிக்கப்படும். ஒரு கிராம் மாப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மெலிந்த ஒருவரிடத்தும் பல கிலோகிராம் கொழுப்பு உண்டு. புரதமும் 4 கலோரி தரவல்லதாயினும், உடலைக் கட்டுவதும் பழுது பார்ப்பதுமே அதன் தலையாய கடமை.

கைச் சில்லறை

நெல் இருந்தாலும் காணி இருந்தாலும், கடைக்குச் செல்பவன் கையிற் சில்லறை வேண்டுமல்லவா? தசையும் அவ்வாறே. குளுக்கோசையோ கொழுப்பையோ அது நேரே செலவிட அறியாது. அதற்கு வேண்டிய சில்லறை, அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருள். சுருக்கமாக ஏ.ரி.பி. என்பர். இதன் மூன்று பொசுபேற்றுகளில் ஒன்று பிரியும்போது வெளிப்படும் சக்தியே தசையைச் சுருக்குகின்றது.

1929ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும், அமெரிக்காவில் பிஸ்கே, சுப்பராவ் என்னும் இருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். இவர்களுள் எல்லாப்பிரகத சுப்பராவ், ஆந்திரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர் என்பது நம் மாணாக்கர் அறிந்து மகிழத்தக்கது.

தசையினுள்ளே இருவகை மெல்லிய இழைகள் உள. ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுக்க, அவை ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்லும், தசை குறுகும். பற்றிய பிடியை விடுவதற்கும் ஏ.ரி.பி. வேண்டும். உயிர் நீங்கிய உடல் சில மணி நேரத்தில் விறைப்பது, பிடியை விடுவிக்க ஏ.ரி.பி. இல்லாமையினாலேயே.

வியப்பு யாதெனில், நம் உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரி.பி. 50 முதல் 100 கிராம் வரையே. முழு வேகத்தில் ஓடினால் தசையிலுள்ளது இரண்டு மூன்று விநாடிக்கு மேற் போதாது. ஆகவே, செலவிடச் செலவிட உடல் அதனை மீண்டும் ஆக்கிக்கொண்டே இருக்கின்றது. ஒரு நாளில் அவ்வாறு ஆக்கியதையெல்லாம் கூட்டினால், அவரவர் உடல் நிறையளவுக்கு நெருங்கும். அதனை எவ்வழியில் ஆக்குகின்றது என்பதைப் பொறுத்தே ஓட்டங்களும் வேறுபடுகின்றன.

மூன்று வழிகள்

1958ஆம் ஆண்டு ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டினார். அத்தகைய பாய்ச்சல் ஓடித் தொடங்குவதிலிருந்து சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றது. அவ்வளவு சிறு நேரத்தில் இரத்தம் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்க இயலாது. தசையிலே கிரியற்றின் பொசுபேற்று என்னும் மற்றொரு பொருள் உண்டு. அது தன் பொசுபேற்றைக் கொடுத்து, செலவான ஏ.ரி.பி.யை உடனுக்குடன் மீட்கின்றது. இவ்வழி மிக விரைவானது. ஆனால் ஏறத்தாழப் பத்து விநாடிக்குள் வற்றிவிடும். ஒரு சில நிமிட ஓய்வில் மீண்டும் ஊறும்.

இரண்டாவது வழிக்கு எடுத்துக்காட்டாக டங்கன் வைற்றைக் கூறலாம். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி, அவர் இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத்தந்தார். ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும் இத்தகைய ஓட்டத்தில், வேண்டிய வேகத்துக்கு ஒட்சிசன் வந்து சேர்வதில்லை. எனவே தசை தன் கிளைக்கோசனை ஒட்சிசனின்றியே பாதி வழி உடைத்து, விரைவாக ஏ.ரி.பி. பெறுகின்றது. அப்போது இலற்றிக்கமிலம் உண்டாகின்றது. ஓட்டத்தின் இறுதியிற் கால்கள் ஈயம்போற் கனப்பதும் எரிவதும் இவ்வழியை மிகுதியாகப் பயன்படுத்துகையில் நேர்வன.

இலற்றிக்கமிலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. அது வெறுங் கழிவு என்றும், மறுநாள் வரும் உடம்பு நோவுக்கு அதுவே காரணமென்றும் பலர் கருதுகின்றனர். உண்மையில் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரமளவில் அதன் பெரும்பகுதி நீங்கிவிடும். இதயம் அதனை எரிபொருளாகக் கொள்கின்றது; ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகின்றது. மறுநாள் நோவு, பழக்கமில்லாத உழைப்பினால் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவினால் வருவது.

மூன்றாவது வழியே நம் வாழ்நாளெல்லாம் நம்மைத் தாங்குவது. நம் கலங்களுட் பெரும்பாலானவற்றினுள் இழைமணி என்னும் நுண்ணிய உறுப்புகள் உள. குளுக்கோசும் கொழுப்பும் அங்கே ஒட்சிசனுடன் சேர்ந்து முற்றாக எரிந்து, காபனீரொட்சைட்டும் நீருமாகின்றன. அங்கு நிகழும் மாற்றங்களின் வட்டத்தை 1937ஆம் ஆண்டில் விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அதற்காக 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். இவ்வழி மெதுவானது, ஆனால் ஒரே குளுக்கோசிலிருந்து ஒட்சிசனில்லா வழியைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட ஏ.ரி.பி.யைத் தரும். நடப்பதும், தோட்டங் கொத்துவதும், நெடுந்தூரம் ஓடுவதும் இதனாலேயே. அவ்வாறு பெறும் சக்தியிலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கே வேலையாகின்றது. எஞ்சியது வெப்பமாகின்றது, அவ்வெப்பத்தை வெளியேற்றவே வியர்க்கின்றோம்.

இம்மூன்றும் ஒன்று நின்ற பின் மற்றொன்று தொடங்குவன அல்ல. எப்போதும் மூன்றும் இயங்குகின்றன. வேகமும் நேரமுமே எது மிகும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இனி, மைதானத்து மாணவனின் கையிலிருந்த மாவுக்கு வருவோம். நூறு மீற்றர் ஓட்டத்துக்கு வேண்டியன யாவும் அவன் தசையில் ஏற்கெனவே உள்ளன. வாயிலிட்ட குளுக்கோசு குடலைக் கடந்து இரத்தத்திற் சேருமுன் ஓட்டம் முடிந்து பரிசும் வழங்கப்பட்டுவிடும். அது மனத்துக்குத் தெம்பளிக்கலாம், காலுக்கு அன்று.

பொஸ்டன் நகரத்துப் பாடம்

நெடுந்தூர ஓட்டத்தின் கதை வேறு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஆண்டுதோறும் மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. 1924ஆம் ஆண்டில், சாமுவேல் லெவின் முதலிய மருத்துவர்கள், ஓடி முடித்தவர் சிலரின் இரத்தத்தைச் சோதித்தனர். சிலருக்கு இரத்தத்திலுள்ள குளுக்கோசு மிகவும் குறைந்திருந்தது. அவர்களே வெளிறி, தளர்ந்து, மனங்குழம்பிய நிலையில் இருந்தனர். குளுக்கோசு குறையாதவர்கள் நல்ல நிலையில் இருந்தனர். அடுத்த ஆண்டு, ஓட்டத்துக்கு முந்திய நாளில் மாப்பொருளுணவை மிகுதியாக உண்ணும்படியும், ஓடும்போதே இனிப்புத் தின்னும்படியும் சிலருக்கு அம்மருத்துவர்கள் கூறினர். அவ்வாறு செய்தவர்களுக்குப் பழைய தளர்ச்சி வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீற்றர் ஓட, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் 42.195 கிலோமீற்றர் தூரமுள்ள மரதனை ஓட 2,500 கலோரி வரை வேண்டும். அவருடைய கிளைக்கோசன் முழுவதும் 1,600 முதல் 2,000 கலோரி வரையே தரும். கொழுப்பு ஏராளமாக இருப்பினும், காணி விற்றுக் காசாக்குவதுபோல அதற்குக் காலம் வேண்டும். வேகமாக ஓடுபவரின் தேவையை அது தனித்து ஈடுசெய்யாது. ஆகவே 30 கிலோமீற்றர் அளவில் ஓட்டக்காரர் பலர் திடீரெனத் தளர்வது வியப்பன்று. மேலும் மூளை பெரும்பாலும் குளுக்கோசையே நம்பி வாழ்கின்றது. ஈரற் களஞ்சியம் வெறுமையாகும்போது முதலில் வாடுவது காலன்று. அறிவும் மன உறுதியுமேயாம்.

உழைத்த காலுக்கே ஊதியம்

உண்ட சோறு எந்தத் தசைக்குச் செல்கின்றது? 1966ஆம் ஆண்டு சுவீடன் தேசத்து மருத்துவர் இருவர், பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்போர், இதனை அழகாகக் காட்டினர். ஒரே மிதிபொறியின் இரு பக்கத்தும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மாத்திரம் களைக்கும்வரை மிதித்தனர். மற்றக் கால் ஓய்ந்திருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாப்பொருளுணவை மிகுதியாக உண்டு, நாள்தோறும் ஊசியினால் இரு தொடைகளிலிருந்தும் சிறு தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்தனர். ஓய்ந்த காலிற் பெரிய மாற்றமில்லை. உழைத்த காலிலோ வற்றிய கிளைக்கோசன் மீண்டும் நிறைந்ததோடு, ஓய்ந்த காலிலுள்ளதிலும் ஏறத்தாழ இருமடங்காயிற்று.

பயிற்சியும் உணவும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பயிற்சியின்றி உண்டால் குதிர் விரியாது. உணவின்றிப் பயின்றால் குதிர் நிறையாது. இடையறாத பயிற்சியினால் தசையின் இழைமணிகளும் பெருகுகின்றன என்று 1967ஆம் ஆண்டில் ஹொலோசி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளைக் கொண்டு நிறுவினார். அவ்வாறு பயின்ற உடல் கொழுப்பை நன்கு பயன்படுத்தி, கிளைக்கோசனைச் சிக்கனமாகச் செலவிடும்.

வீட்டார் கவனத்துக்கு

இவற்றிலிருந்து இல்லத்தார் அறிய வேண்டுவன சில.

முதலாவது, காலையுணவு. நாம் உறங்கும்போதும் மூளை உறங்குவதில்லை. இரவு முழுவதும் ஈரற் களஞ்சியத்திலிருந்து குளுக்கோசைப் பெறுகின்றது. விடியும்போது அக்களஞ்சியம் பெரிதும் குறைந்திருக்கும். அந்நிலையில் வெறுந் தேநீரோடு பாடசாலைக்கு வரும் பிள்ளை, உடனே விழுந்துவிடாது. உடல் புரதத்தைச் சிதைத்தேனும் குளுக்கோசை ஆக்கிச் சமாளிக்கும். ஆனால் அப்பிள்ளை விளையாட்டிலும் படிப்பிலும் தன் முழு ஆற்றலைக் காட்டுவது அரிது. வெய்யிலில் மயங்கி விழும் பிள்ளைகள் எல்லாரும் பசியினால் விழுவதில்லை. நெடுநேரம் அசையாது நிற்பதும், நீர் அருந்தாமையும், வெப்பமும் காரணங்களாம். பசியும் சேர்ந்தால் துன்பம் இரட்டிக்கும்.

இரண்டாவது, போட்டிக்கு முந்திய நாள். அன்றைய சோறும் கிழங்குமே மறுநாட் காலின் பலம். போட்டி நாளிலே, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன், எளிதிற் சமிக்கும் இடியப்பமோ கஞ்சியோ வாழைப்பழமோ போதுமானது. எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் நெடுநேரம் தங்கும், அன்று வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டமாயின் இடையிலே இனிப்புக் கலந்த நீர் பயன்தரும். போட்டி முடிந்தபின் சோறும், பருப்பு, பயறு, மீன், முட்டை போன்றவற்றுள் இயன்றதும் கொடுத்தால், குதிரும் நிறையும், சிதைந்த தசையும் கூடும். நீரிழிவுள்ள பிள்ளைகள் மட்டும் மருத்துவரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

மூன்றாவது, நம் பெண் பிள்ளைகள். தீ எரியக் காற்று வேண்டும். ஒட்சிசனைத் தசைக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின். அதனை ஆக்க இரும்புச்சத்து வேண்டும். மாதந்தோறும் இரத்தத்தை இழக்கும் பெண்ணுக்கே அது கூடுதலாகத் தேவை. ஆயினும் பல இல்லங்களில் ஆண்கள் உண்டபின் எஞ்சியதே பெண்களுக்கு என்னும் வழக்கம் முற்றாக ஒழிந்தபாடில்லை. ஓடுவதற்கு மூச்சு வாங்குகின்ற மகளை ‘இவள் சோம்பேறி’ என்று கடிவதற்கு முன், அவள் தட்டிலே கீரையும் பயறும் மீனும் இருந்தனவா என்று பெற்றோர் பார்ப்பாராக. தேசிப்புளி பிழிந்த கீரை, புளியில்லாக் கீரையிலும் நன்றாக இரும்பைக் கொடுக்கும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஆதலால் தேநீரைச் சற்றுத் தாமதித்து அருந்துக.

இவற்றுள் எதற்கும் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. குரக்கனும் மரவள்ளியும் வற்றாளங்கிழங்கும் முருங்கையிலையும் நம் வளவிலும் சந்தையிலும் கிடைப்பன. வேண்டுவது, வீட்டில் உழைப்பவர் யார், ஓடுபவர் யார், வளர்பவர் யார் என்று பார்த்து அதற்கேற்பப் பரிமாறும் கவனம். உழைப்புக்கு ஏற்ற உணவு உழைப்பவனுக்குக் கிட்டவில்லையே என்று லவோசியர் வருந்தினார். உலகத்தின் குறையை நாம் ஒரு நாளில் நீக்கிவிட முடியாது. நம் அடுக்களையில் அக்குறை நேராமற் பார்த்துக்கொள்வது நம் கையிலேயே இருக்கின்றது. நாளைக் காலையில் பிள்ளை புத்தகப் பையைத் தூக்குமுன், ‘சாப்பிட்டாயா?’ என்று ஒரு முறை கேளுங்கள். இல்லையென்றால் இருத்தி உண்ணச் செய்து அனுப்புங்கள்.